லட் போடுவது பாணி ஆகாது: மாணவர் இசைக் காணொளிகளைப் பார்க்கும் ஒரு படத்தொகுப்பாளரின் வேண்டுகோள்

காட்சித் தொடர்பியல் துறைகளின் இறுதியாண்டுச் செயல்முறைத் தேர்வுகளுக்கு வெளித்தேர்வாளராகச் சென்றுவரும் படத்தொகுப்பாளர்களில் நானும் ஒருவன். இந்தப் பருவத்திலும் இசைக் காணொளிப் பிரிவில் வெவ்வேறு மாணவர்கள் எடுத்த ஒரே காணொளியைத்தான் பார்த்தேன் என்று சொல்லவேண்டிய நிலை. பாடல்கள் வேறு, முகங்கள் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன, லட் (LUT) எனப்படும் ஆயத்த நிறமாற்றக் கோப்பை மேலே போட்டதால் நிழல்கள் நீலப்பச்சையாகவும் முகங்கள் ஆரஞ்சாகவும் தெரிகின்றன. இந்த நிறம் எதற்காக என்று கேட்டால், "அதுதான் சார் எங்க ஸ்டைல்" என்ற பதில் வருகிறது. கூடவே தரப்படும் பகுப்பாய்வு அறிக்கையில், வெப்பமான நிறங்கள் மகிழ்ச்சியையும் குளிர்ந்த நிறங்கள் சோகத்தையும் உணர்த்துகின்றன என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது. சோகப் பாடலில் ஏன் எல்லா முகங்களும் ஆரஞ்சாக இருக்கின்றன என்பதற்கு அந்த அறிக்கையில் விடை இல்லை.

இந்தப் பிள்ளைகளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. கைக்காசைப் போட்டு, நண்பர்களைக் கெஞ்சி அழைத்து வந்து, வெயிலில் நின்று எடுக்கிறார்கள். அந்த உழைப்பு முழுவதும் ஒரு தவறான எண்ணத்தால் வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். பாணி என்பது படம்பிடித்து முடித்த பிறகு மேலே பூசப்படுவது என்பதே அந்த எண்ணம். "போஸ்ட்ல பாத்துக்கலாம்" என்ற சொற்றொடரைப் படப்பிடிப்பு இடத்தில் கேட்கும்போதெல்லாம், பின்னால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் என்ற முறையில் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

லட் என்பது என்னவென்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு நிற மதிப்புக்கும் வெளியே போகவேண்டிய மதிப்பு எது என்று குறித்துவைத்த அட்டவணை அது. அதற்கு முகம் எது, சுவர் எது, வானம் எது என்று தெரியாது. எந்தக் கேமராவின் எந்த நிறப் பதிவு முறைக்காக அது உருவாக்கப்பட்டதோ, அந்தப் பதிவு உள்ளே வந்தால் மட்டுமே எதிர்பார்த்த விளைவைத் தரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லட்களில் பல, பின்னால் நிறம் திருத்துவதற்கென்றே மங்கலாகப் பதிவு செய்யும் லாக் (log) முறையில் தட்டையாகப் பதிவான காட்சிகளுக்கு உரியவை. மாணவர்கள் எடுப்பதோ பெரும்பாலும் கைப்பேசியின் வழக்கமான பதிவில். அதில் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டையும் நிறச் செறிவையும் கைப்பேசியே ஏற்றிவிட்டிருக்கும். அதன்மேல் மீண்டும் அதே வேலையைச் செய்யும் அட்டவணையைப் போட்டால் கூந்தலின் விவரங்கள் கறுப்பில் மூழ்கும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து ஒரே வெளுப்பாகும். வானத்தில் வரிவரியாகப் பட்டைகள் தோன்றும். எட்டு பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் இருக்கின்றன. இல்லாத படிகளை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தராது. போதாக்குறைக்கு, ஒளிக்கேற்ப நிறத்தைக் கேமரா தானாகவே மாற்றும் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (white balance) பூட்டாமல் எடுத்திருப்பார்கள். ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறியிருக்க, அவை அனைத்தின்மீதும் ஒரே லட் போடுவது, ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்து மாட்டுவதற்கு ஒப்பானது.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது நம்முடைய தோல் நிறம். கறுத்த முகமுடைய ஒரு மாணவியை நடிக்கவைத்து, பளீரென்ற வானத்தின் முன் நிறுத்தி, ஒளியளவைக் கைப்பேசியின் முடிவுக்கே விட்டு எடுக்கிறார்கள். முகம் இருண்டுவிடுகிறது. எடிட்டிங்கில் அதைத் தூக்கினால் இருட்டிலிருந்து புள்ளிப்புள்ளியாக, நாய்ஸ் எனப்படும் காட்சி இரைச்சல் எழுகிறது. அதை மறைக்க மென்மையாக்கும் வடிப்பானைப் போட்டு, அதற்குமேல் ஆரஞ்சு லட்டையும் போட்டபின் திரையில் இருப்பது அந்தப் பெண்ணின் முகமே அல்ல. சில குழுக்கள் வேண்டுமென்றே தோலை வெளுப்பாக்குகின்றன. அதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை, தரப்போவதும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்களின் முகங்களே இருந்தன. அந்த அளவுகோலால் கறுத்த முகங்கள் சரியாகப் பதிவாகாமல் போன வரலாறு உண்டு. இன்று கருவிகள் மாறிவிட்ட பிறகு அதே தவறை நாமாக வலிந்து செய்ய வேண்டியதில்லை. எடிட்டிங் மென்பொருளில், நிறத்தின் சாயலையும் செறிவையும் ஒரு வட்டத்தில் காட்டும் வெக்டார்ஸ்கோப்பைத் திறந்து பாருங்கள். மனிதத் தோல் கறுப்போ சிவப்போ மாநிறமோ, அதன் சாயல் ஏறத்தாழ ஒரே கோட்டின்மேல்தான் விழும். வேறுபடுவது வெளிச்சமும் செறிவும் மட்டுமே. ஆகவே முகத்தைத் திருத்த வேண்டிய இடம் லட் அல்ல, ஒளி. கறுத்த தோல் வெளிச்சத்தை அழகாகப் பிரதிபலிக்கும். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பக்கவாட்டில் பிடித்து, கன்ன எலும்பில் ஒரு மினுக்கு விழும்படி நடிப்பவரைச் சற்றே திருப்புங்கள். செலவு மிகக் குறைவு. பலனை அந்த நிமிடமே பார்க்கலாம்.

சரி, பாணி எங்கிருந்து வருகிறது? பாடலிலிருந்து வருகிறது. இதைச் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆனால் பாடலில் முதல் இடையிசை எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று கேட்டால் தெரிவதில்லை. கேமராவைத் தொடுவதற்கு முன் பாடலைக் கண்மூடிக் கேட்டு, முகப்பிசை, பல்லவி, அனுபல்லவி, இடையிசை, சரணம் ஆகியவை தொடங்கும் நேரங்களைத் தாளில் எழுத வேண்டும். எந்த இடத்தில் புதிய வாத்தியம் நுழைகிறது, எங்கே தாளம் நின்று குரல் மட்டும் தனித்து ஒலிக்கிறது, எங்கே பாடகர் மூச்சு இழுக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பல்லவி திரும்ப வரும்போது அதே இடத்தை, அதே ஷாட்டைக் காட்டுவதா, அல்லது அதே ஷாட்டில் ஏதோ ஒன்று மாறியிருப்பதைக் காட்டுவதா என்று முடிவெடுப்பதுதான் பாணி. அந்த முடிவை எந்தச் செயலியிலிருந்தும் பதிவிறக்க முடியாது.

வரிகளுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் மூன்றாகப் பிரித்தார்: வரி சொல்வதையே காட்டுவது, அதை விரித்துப் பெரிதாக்குவது, அதற்குச் சம்பந்தமில்லாததையோ முரணானதையோ காட்டுவது. இந்த மூன்றையும் அறிக்கையில் மனப்பாடமாக எழுதும் மாணவர்கள், தம் காணொளியில் முதலாவதை மட்டும் செய்கிறார்கள். மழை என்ற சொல் வந்தால் மழை, நிலா என்றால் நிலா. ஒரு சரணம் முழுவதும் அப்படிச் சென்றால் பார்ப்பவர் அடுத்த ஷாட்டை உங்களுக்கு முன்பே ஊகித்துவிடுவார்.

வெட்டும் வேகத்தைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 100 தாள அடி (beat) விழும் பாடலில், நொடிக்கு 25 பிரேம் ஓடும் டைம்லைனில், ஓர் அடிக்கு 15 பிரேம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட் என்று வைத்தால் நான்கு நிமிடப் பாடலுக்கு 400 கட்டுகள் தேவைப்படும். அவ்வளவு ஷாட்டுகள் உங்களிடம் இல்லாததால் எடுத்ததையே திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். பார்ப்பவருக்கோ பத்து நொடிக்குள் அந்த ஒழுங்கு பழகிவிடுகிறது. அதன்பின் எந்தக் கட்டும் அவரைத் தொடுவதில்லை. அனுபவமுள்ள எடிட்டர்கள் பல இடங்களில் கட் செய்யும் புள்ளியை அடியின்மேல் வைக்க மாட்டார்கள். திரும்பும் தலை, மூடும் கதவு, தரையில் படும் கால் போன்ற அசைவின் உச்சத்தை அடியின்மேல் வைத்து, கட் செய்யும் புள்ளியைச் சில பிரேம்கள் முன்னதாக வைப்பார்கள். சரணத்தில் நீண்ட ஷாட் ஒன்றை வெட்டாமல் விடும் துணிச்சலும் வேண்டும். முகம் நன்றாக நடித்துக்கொண்டிருக்கும்போது எடிட்டர் சும்மா இருப்பதும் எடிட்டிங்தான்.

ஸ்லோமோஷனில் உதடசைவு பாட்டோடு ஒட்டாத காட்சிகளைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே அலுத்துவிட்டது. நொடிக்கு 50 பிரேமில் எடுத்து 25 பிரேம் டைம்லைனில் மெதுவாக்கினால் வேகம் பாதியாகும். ஆகவே படப்பிடிப்பு இடத்தில் பாடல் இருமடங்கு வேகத்தில் ஒலிக்க வேண்டும், நடிப்பவரும் அந்த வேகத்துக்கே உதடசைக்க வேண்டும். 60 பிரேமில் எடுத்து 24 பிரேமில் ஓட்டினால் இரண்டரை மடங்கு. இருமடங்கில் வாயசைக்கத் திணறுபவர்கள் 30 பிரேமில் எடுத்து 25 பிரேமில் ஓட்டலாம், பாடல் 1.2 மடங்கு வேகத்தில் ஒலித்தால் போதும், அசைவிலும் மெல்லிய மிதப்பு கிடைக்கும். இதற்குப் பயிற்சி வேண்டும், முந்தைய நாளே வேகம் மாற்றிய பாடல் கோப்புகள் தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று: கைப்பேசிகள் பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. அதை நிலையான வேகத்துக்கு மாற்றாமல் டைம்லைனில் போட்டால், தொடக்கத்தில் ஒட்டியிருந்த உதடு போகப்போக விலகும்.

விளக்கொளியில் எடுக்கும் இரவுக் காட்சிகளில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதையும் ஸ்டைல் என்று வாதிட்டார்கள். அது ஸ்டைல் அல்ல, ஷட்டர் பிழை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு பிரேமும் ஒளியைப் பதியும் நேரமான ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், 1/60 வேண்டாம்.

ஆனால் சிலர் வேண்டுமென்றே திரையைப் பளிச்சிடவைக்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று நொடிக்குப் பல முறை மாறும் காட்சிகளைத் தயவுசெய்து போடாதீர்கள். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு அது உடனடியாக ஆபத்தாகும். தமக்கு அது இருப்பதை முதல் வலிப்பு வரும்வரை அறியாதவர்களும் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறிய ஒரு கார்ட்டூன் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரு நொடிக்குள் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணைய உள்ளடக்கத்துக்கான பரவலான வழிகாட்டு நெறி. எச்சரிக்கை வாசகம் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். வகுப்பறையில் திரையிடும்போது எழுந்து வெளியே போகத் தயங்கும் ஒரு மாணவர் அங்கே இருக்கலாம்.

தண்டவாளத்தில் நடக்கும் ஷாட்டைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அனுமதியின்றி ரயில்பாதைக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட முக்கியமானது வேறு. உங்கள் ஸ்பீக்கரில் பாடல் உரக்க ஒலித்துக்கொண்டிருக்கும்போது ரயிலின் ஹாரன் காதில் விழாது. நடிப்பவர் கேமராவைப் பார்க்கிறார், கேமராக்காரர் திரையைப் பார்க்கிறார், பாதையை யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பாடலுக்கும் அந்த ஷாட் தேவையில்லை. நானும் என்னுடன் வரும் தேர்வாளர்களும் அந்த ஷாட் உள்ள காணொளிகளை முழுவதும் பார்க்காமலே திருப்பிவிட முடிவு செய்திருக்கிறோம்.

கறுப்புப் பட்டைகளைப் பற்றி ஒரு வரி: 1920க்கு 1080 படத்தின்மேல் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்காகும்படி பட்டையை ஒட்டினால் மிஞ்சும் உயரம் ஏறத்தாழ 803 பிக்சல்தான். எடுக்கும்போதே அந்த எல்லையைத் திரையில் குறித்துச் சட்டகம் அமைக்காவிட்டால் தலைகள் வெட்டுப்படும், வெட்டுப்பட்டிருக்கின்றன.

பாட்டைப் பற்றியும் யோசியுங்கள். திரைப்பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. உங்கள் கல்லூரியிலேயே சொந்தமாகப் பாடல் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்று எடுத்தால் காணொளியை அச்சமின்றிப் பொதுவில் வெளியிடலாம், பிறர் காட்சிகளின் நினைவும் உங்கள் கண்ணை மறைக்காது.

துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்த பிறகு பத்துப் பக்க அறிக்கை கேட்பதை விட்டுவிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாள் கேளுங்கள். பாடலின் நேரம், அந்த நொடியில் காதில் விழுவது, திரையில் காட்டப்போவது, அதற்கான காரணம் ஆகியவை அதில் இருக்கட்டும். நடிப்பவரின் முகத்தைத் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த ஒளியில் பத்து நொடி சோதனையாக எடுத்துவரச் சொல்லி, லட் எதுவும் போடாமல் வகுப்பிலுள்ள ப்ரொஜெக்டரில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அங்கே முகம் சரியாகத் தெரியவில்லையென்றால் படப்பிடிப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.