பாட்டாவின் மருந்தும் வாழையின் மருந்தும்

திருவட்டாறு பக்கம் எங்கள் பாட்டாவுக்கு ஒரு மட்டி வாழைத் தோட்டம் உண்டு. அவருக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகளின் பெயர் தடுமாறும், ஆனால் கன்று வைக்கிற காலம் மட்டும் தப்பாமல் நினைவுக்கு வந்துவிடும். போன மாதம் ஒருநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மருந்து எங்க மக்ளே? இன்னும் வைக்கலியே" என்று கேட்டார். அம்மா மாத்திரை டப்பாவை எடுத்து வந்தார். பாட்டா அதைக் கையால் தள்ளிவிட்டார். அவர் கேட்டது வாழைக்குழியில் பூச்சிக்குப் போடுகிற குருணை மருந்தை.

அம்மா எடுத்து வந்ததும் மருந்து, பாட்டா கேட்டதும் மருந்து. நம் ஊரில் இந்தச் சொல் போகாத இடமே இல்லை. தோவாளையில் பிச்சிப்பூவுக்கு அடிப்பது மருந்து, பாறை உடைக்க வைப்பது வெடிமருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பது பேறுகால மருந்து. பொற்றையடிக்குப் பக்கத்தில் நிற்கும் குன்றுக்கே மருந்துவாழ் மலை என்று பெயர். குணமாக்குவது, கொல்லுவது, வெடிப்பது எல்லாவற்றுக்கும் ஏன் ஒரே சொல்?

"வீட்டில் மருந்துக்குக்கூட சீனி இல்லை" என்று சொல்கிறோமே, விடை அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருந்து என்றாலே கொஞ்சம்தான். கொஞ்சமாகப் போட்டுப் பெரிதாக ஒன்றை நடத்துகிற பொருள். சோறு கிலோ கணக்கில் சாப்பிட்டு உடம்பைக் கட்டுகிறோம். மாத்திரை சில மில்லிகிராம்தான். அவ்வளவு சிறியது எப்படி வேலை செய்கிறது? அது தானாக எதையும் கட்டுவதில்லை. உடம்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையைத் தூண்டிவிடுகிறது, அல்லது தடுக்கிறது.

பாட்டாவின் இரண்டு மருந்துகளும் தடுப்பது ஒரே வேலையை. இது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

நரம்பு தசையைச் சுருங்கச் சொல்லும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. தசை சுருங்குகிறது. அடுத்த நொடிக்குள் அந்தப் பொருளை அகற்றியாக வேண்டும். இல்லையென்றால் காலிங் பெல்லில் வைத்த விரலை எடுக்காதது மாதிரி ஆகிவிடும். அகற்றுவதற்கென்றே அங்கே ஒரு நொதி இருக்கிறது: அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். அதன் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப்போடும்.

வாழைக்குப் போடும் கார்போஃபியூரான் குருணை இந்த நொதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. புழுவுக்கும் வண்டுக்கும் அதே நொதி உண்டு. மணி ஓயாமல் அடிக்க, தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் செயலிழக்கின்றன.

பாட்டாவின் மாத்திரை ரிவாஸ்டிக்மின். அதுவும் கார்பமேட் என்ற அதே வேதிக் குடும்பம்தான், உட்காருவதும் அதே நொதியின் மேல்தான். மறதி நோயில் அசிட்டைல்கோலினை விடும் மூளைச் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன; மணிச்சத்தம் மெலிந்துவிடுகிறது. அகற்றும் வேலையைச் சற்றுத் தாமதப்படுத்தினால், இருக்கிற கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். நோய் மாறாது, ஆனால் சிலருக்கு நாள் கொஞ்சம் தெளிவாகப் போகும். அதனால்தான் 1.5 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் வாந்தி, வியர்வை, எச்சில் ஒழுகுவது, நாடி தளர்வது எல்லாம் வரும். முகத்தில் துணி கட்டாமல் மருந்தடித்த விவசாயியிடம் காணும் அறிகுறிகளும் இவைதான். குளோர்பைரிபாஸ் மாதிரியான பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இன்னும் மோசம். கார்பமேட் சில மணி நேரத்தில் நொதியை விட்டு விலகிவிடும். இவை எளிதில் விடுவதில்லை.

அப்படிப் பூச்சிமருந்து ஏறி வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி அட்ரோபின். நம் வேலியோரம் நிற்கும் ஊமத்தையில் இருப்பதும் அதே பொருள்தான். அது மணியை நிறுத்துவதில்லை, கேட்கிற காதை அடைக்கிறது: அசிட்டைல்கோலின் வந்து சேரும் ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் தயவுசெய்து ஊமத்தையைப் பறித்துக் கொடுத்துவிடாதீர்கள். செடிக்குச் செடி, இலைக்கு இலை அதில் அளவு மாறும்; மிஞ்சினால் அதுவே சித்தம் கலங்க வைக்கும் நஞ்சு. பூச்சிமருந்து மேலே பட்டவரின் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் செய்ய வேண்டியது.

வெடிமருந்துக்கு வருவோம். சீன மொழியிலும் அதற்குத் 'தீ மருந்து' என்றே பெயர், மலையாளத்திலும் வெடிமருந்துதான். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். எரியக்கூடிய கார்பனும் எரிக்கும் ஆக்ஸிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் நெருங்கி இருப்பதால், அதிர்ந்ததும் மொத்தமும் வாயுவாகச் சீறும். அதையே அரை மில்லிகிராம் அளவில் மாவோடு கலந்து நாக்கடியில் வைத்தால் நெஞ்சுவலி தணிகிறது. உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடைப் பிரித்தெடுக்கிறது, அந்த வாயு ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும் என்பதால்தான் நாக்கடியில் வைக்கச் சொல்கிறார்கள். நைட்ரிக் ஆக்ஸைடின் இந்த வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது. நோபலுக்கும் கடைசிக் காலத்தில் இதயநோய்க்கு நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

இன்னொரு மருந்தும் உண்டு, யாரோ சோற்றில் 'வைத்துவிட்டார்கள்' என்று சொல்லும் இடுமருந்து. வருடக்கணக்கில் அது வயிற்றில் ஒட்டிக்கிடக்கிறது என்று நம்பி, எடுக்கப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இரைப்பையின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். அங்கே எதுவும் வருடக்கணக்கில் ஒட்டியிருக்க முடியாது. வயிறு மாசக்கணக்கில் எரிந்தால் அது புண்ணாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

எங்கள் வீட்டில் குருணைப் பொட்டலத்தை அடுக்களைப் பரணிலிருந்து எடுத்து, தோட்டத்துப் புரையில் பூட்டுப் போட்ட தகரப்பெட்டியில் வைத்துவிட்டோம். பூச்சிமருந்து லேபிளில் ஒரு முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு இருப்பதிலேயே கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. பெட்டிச் சாவி அம்மாவிடம் இருக்கிறது. பாட்டா இன்றைக்குக் காலையிலும் கேட்டார். கன்றுக்கு வைத்தாயிற்று என்று சொல்லி, மாத்திரையைக் கையில் கொடுத்தேன்.