53 புள்ளியோடு கதையை நிறுத்தாதீர்கள்

கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். உயரம் குறைந்த பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுக்க அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஐசையா தாமஸ் கதையைச் சொல்கிறீர்கள். நல்லது, சொல்லுங்கள். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். அவர் 53 புள்ளி எடுத்த 2017 மே 2-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டு, "அவன் வலியோட ஆடினான், நீ என்னடா தொடை இடுக்கு வலிக்குதுன்னு உட்கார்ந்திருக்கே" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டு, மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி, கடைசியில் காலுறை மாட்டக்கூடக் குனிய முடியாத நிலையில் வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து பிசியோவான எனக்கு அலுத்துவிட்டது. கடைசியாக வந்த பையனும் தாமஸ் மாதிரி பாயிண்ட் கார்டுதான், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். அணியிலேயே குள்ளம் அவன்தான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால் அவன் வாயிலிருந்து வந்த பெயரும் தாமஸ்தான்.

பெயர்க் குழப்பம் வேண்டாம், நான் சொல்வது எண்பதுகளில் டெட்ராய்ட் அணிக்கு ஆடியவரை இல்லை. இவர் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் 1989-இல் பிறந்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம். ஆறரை அடி என்பது சாதாரணமாக இருக்கும் என்.பி.ஏ.வில், அதாவது அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகில், இந்த உயரத்தை வைத்துக்கொண்டு நுழைவதே பெரும்பாடு. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2011 டிராஃப்டில் 60-ஆவது ஆளாக, அதாவது கடைசி ஆளாக, சாக்ரமென்டோ அவரை எடுத்தது. அங்கே நன்றாக ஆடியும் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 2014-இல் ஃபீனிக்ஸ் போனார், 4 ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் ஒப்பந்தம். அடுத்த பிப்ரவரியிலேயே பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். பாஸ்டனில்தான் அவர் ஆட்டம் பூத்தது. 2016, 2017 இரண்டு வருடமும் ஆல்-ஸ்டார், அதாவது லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு. 2016-17 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி. அந்த ஆண்டு லீகிலேயே அவருக்கு மேலே இருந்தது வெஸ்ட்புரூக்கும் ஹார்டனும் மட்டும்தான். மயாமிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்தார், அதில் 29 கடைசிக் கால்பகுதியில் மட்டும்! அந்த சீசனை பாஸ்டன் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் முடித்தது.

இதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் உடல் அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த சீசனில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.5 ஃப்ரீ த்ரோ எடுத்தார், எதிராளி ஃபவுல் செய்தால் கிடைக்கும் வீச்சு அது. புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் அதில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே போனதைப் பார்ப்பார்கள். என் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அத்தனை முறை போகிறார் என்றால் அத்தனை முறை தன்னைவிட ஒரு அடி உயரமானவர்களோடு மோதியிருக்கிறார், பல முறை தரையில் விழுந்திருக்கிறார். உயரம் குறைந்தவர், எறியும் பந்தை எதிராளி கையால் தட்டிவிடும் பிளாக்கிலிருந்து தப்ப, எதிராளியின் நெஞ்சுக்குள்ளேயே புகுந்து, உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு பந்தை விட வேண்டும். அதற்கு ரொம்பத் தாழக் குனிந்து, முழு வேகத்தில் போய், சட்டென்று நின்று, திரும்பி, எம்ப வேண்டும். இடுப்பு மூட்டு தாங்குவதற்கு இதைவிடக் கடினமான வேலை கூடைப்பந்தில் கிடையாது. தாமஸ் இடக்கையர் வேறு, இடக்கையால் லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் போய் எம்பிப் போடுவது) போடுகிறவர் வழக்கமாக எம்புவது வலது காலில். பின்னால் கெட்டது வலது இடுப்பு. இது அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அவரைத் தொட்டுப் பார்த்தவன் நானில்லை. ஆனால் இடுப்பு வலி என்று எந்த வீரர் வந்தாலும் எந்தக் காலில் எம்புவாய் என்று கேட்காமல் விடமாட்டேன்.

சரி, 2017 வசந்தத்துக்கு வருவோம். மார்ச் 15 அன்று மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் வலது இடுப்பில் அடி. இரண்டு ஆட்டம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். ஏப்ரல் 15-ஆம் தேதி அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளின் முதல் ஆட்டம், அதில் இறங்கி 33 புள்ளி எடுத்தார். அடுத்த சுற்றில் வாஷிங்டன் அணியோடு முதல் ஆட்டத்தில் முன்பல் தெறித்தது. வாயில் சிகிச்சை முடித்துக்கொண்டு மே 2-ஆம் தேதி இறங்கினார், அன்று தங்கையின் பிறந்தநாள். 53 புள்ளி. அதில் 29 கடைசிக் கால்பகுதியிலும் கூடுதல் நேரத்திலும் வந்தவை. அந்த ஆட்டத்தைப் பார்த்து நானும் கண்கலங்கியவன்தான், அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

கோச்சுகள் கதையை நிறுத்துவது இங்கேதான். மீதியை நான் சொல்கிறேன். அதே சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் இடுப்பு மறுபடி மோசமானது. அடுத்த சுற்றில் கிளீவ்லாந்துக்கு எதிராக இரண்டாவது ஆட்டத்தின் பாதியோடு அவர் சீசன் முடிந்தது. லேப்ரம் (இடுப்பு மூட்டின் கிண்ண விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையம்) கிழிசலோடு கூடிய இடுப்பு மூட்டு உரசல் என்று அணி அறிவித்தது. ஆகஸ்டில் கைரி எர்விங்குக்குப் பதிலாக கிளீவ்லாந்துக்கு மாற்றினார்கள். அங்கே மருத்துவப் பரிசோதனையில் இடுப்பைப் பார்த்துத் தயங்கியதும் பாஸ்டன் இன்னொரு டிராஃப்ட் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்துத்தான் பேரம் முடிந்தது. 2018 ஜனவரி 2 வரை ஆடவில்லை. ஆடியது 15 ஆட்டம், பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில் அறுவை சிகிச்சை. அந்தக் கோடையில் பெரிய ஒப்பந்தத்துக்குக் காத்திருந்த மனிதர் டென்வரில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அங்கே 12 ஆட்டம், சராசரி 8.1. 28.9-இலிருந்து இரண்டே வருடத்தில் 8.1. 2020-இல், 31 வயதில், தொடை எலும்பின் தலைக்கு உலோகத் தொப்பி மாட்டும் சிகிச்சை செய்துகொண்டார். வலி போனது. அதற்குப் பிறகும் விடாமல், பல அணிகளில் குறுகிய கால ஒப்பந்தங்களில், 2024-இல் மறுபடி ஃபீனிக்ஸ்வரை ஆடியிருக்கிறார். ஆனால் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இதை முழுசாகக் கேட்ட பிள்ளை, வலித்தால் வாய் திறந்து சொல்லும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குட்டையான வீரர்கள் ஏன் மற்றவர்களைவிட அதிகமாக மறைக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்த இடத்தில் உயரமான ஒருவன் வந்துவிடுவான், அப்புறம் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். 60-ஆவதாக எடுக்கப்பட்டவருக்கு இருந்த அதே பயம்தான் பள்ளி அணியின் குட்டிப் பையனுக்கும். அந்தப் பயத்தைப் போக்க கோச் ஒருவரால்தான் முடியும். "குணமாகி வா, உன் இடம் உனக்குத்தான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். என்னுடைய எந்தப் பயிற்சியையும்விட அது அதிகம் வேலை செய்யும்.

இப்போது எனக்கு ஆத்திரம் வரவைக்கும் விஷயம். "கிராயின் பிடிச்சிருக்கு, நல்லா ஸ்ட்ரெச் பண்ணு." இந்த ஒரு வாக்கியத்தால் கெட்டுப்போன இடுப்புகள் ஏராளம். தொடை இடுக்கில் வருகிற வலியெல்லாம் தசைப்பிடிப்பு இல்லை. உரசல் உள்ள மூட்டில், தொடை எலும்பின் கழுத்துப் பக்கமோ கிண்ணத்தின் விளிம்போ வடிவத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். முட்டியை மடக்கி மார்புப் பக்கம் கொண்டுவந்து உள்ளே திருப்பினால் இரண்டும் முட்டும், நடுவில் மாட்டி நசுங்குவது லேப்ரம். பிள்ளை "இறுக்கமா இருக்கு" என்கிறான். அவன் சொல்லும் இறுக்கம் தசையில் இல்லை, எலும்பு எலும்பில் முட்டி நிற்கிறது. அதை இழுத்துத் தளர்த்த முடியாது! கதவு நிலையில் இடிக்கிறது என்றால் யாராவது கதவை இன்னும் ஓங்கி ஓங்கிச் சாத்துவார்களா? ஆனால் மைதானத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ஒருவன் படுத்திருக்க, இன்னொருவன் அவன் முட்டியை மார்போடு சேர்த்து அழுத்துகிறான், கோச் நின்று எண்ணுகிறார். வலிக்கிறது என்றால் "அப்படித்தான் இருக்கும், விட்டுடாதே" என்கிறார். பட்டாம்பூச்சி உட்காரல், தரைவரை ஸ்குவாட், எடை தூக்கிக்கொண்டு இன்னும் ஆழமான ஸ்குவாட். வலிக்கிற கோணத்துக்கே திரும்பத் திரும்பக் கொண்டுபோனால் மூட்டு இளகாது, எரிச்சல்தான் கூடும். தயவுசெய்து நிறுத்துங்கள். இழுத்ததும் சில நிமிடம் இதமாக இருக்கிறது என்பான், மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

தசைப்பிடிப்பா மூட்டா என்று எப்படித் தெரியும்? எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், கையைக் கவனியுங்கள். தசைப்பிடிப்புக்காரன் பெரும்பாலும் ஒரு விரலால் தொடையின் உள்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவான், இந்த ஆட்டத்தில் இந்த நொடியில் இழுத்தது என்றும் சொல்வான். மூட்டு வலிக்காரன் பலமுறை கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமுமாக வைத்து, இடுப்பின் பக்கவாட்டை ஒரு கவ்வு கவ்விக் காட்டுவான். வலி உள்ளே ஆழத்தில் என்பான். நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போது, காரிலிருந்து இறங்கும்போது, ஷூ மாட்டும்போது வலிக்கும். டிஃபென்ஸுக்குத் தாழ உட்கார்ந்து பக்கவாட்டில் நகரும்போது வலிக்கும். சிலருக்கு உள்ளே ஏதோ சொடுக்கும், மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் விளையாட்டு மருத்துவரிடமோ எங்களைப் போன்ற பிசியோவிடமோ காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு வரும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாத வீரர்களை ஸ்கேன் செய்தாலும் பலருக்கு இந்த வடிவ மாற்றம் இருக்கும், லேப்ரம் கிழிசல்கூட இருக்கும். வளரும் வயதில் தீவிரமாக ஆடுகிறவர்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது, கூடைப்பந்தும் அதில் சேர்த்தி. அதனால் படம் மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். வலி, பரிசோதனை, படம் மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சையும் தேவையில்லை. வலிக்கிற கோணத்தைக் கொஞ்ச காலம் தவிர்த்து, புட்டத் தசையையும் வயிற்றையும் வலுவாக்கி, ஆட்டச் சுமையைப் படிப்படியாகக் கூட்டினாலே நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், நாட்கள் இல்லை. பத்து நாள் கழித்து "இன்னும் சரியாகலையே" என்று போன் செய்யாதீர்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மாத்திரை போட்டால்தான் ஆட முடிகிறது என்றால் இப்போது ஆடக் கூடாது என்று அர்த்தம். மூட்டுக்குள் போடும் ஊசியும் அப்படித்தான், மருத்துவர் காரணத்தோடு போட்டால் சரி, ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்காக நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். உலோகத் தொப்பிச் சிகிச்சை இருக்கிறதே, டென்னிஸில் ஆண்டி மர்ரியும் 2019-இல் செய்துகொண்டு திரும்ப வந்து பட்டம் வென்றாரே என்று வாதாடுகிறார்கள். வென்றார், உண்மை. அது வேறு வழியே இல்லாத நிலையில் செய்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைத் திட்டமாக வைத்துக்கொள்வதா?

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஒரு பிள்ளை நொண்டி நடக்கிறது, தொடை இடுக்கிலோ தொடையிலோ வலி, அல்லது வெறும் முட்டி வலி என்கிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கிறது என்றால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் (வளரும் எலும்பின் முனையில் இருக்கும் மென்மையான பகுதி) நழுவிக்கொண்டிருக்கலாம். குண்டான பிள்ளைகளுக்கு அதிகம் வரும், ஒல்லிப் பிள்ளைகளுக்கும் வரும். முட்டியை மட்டும் படம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. நீவிவிடாதீர்கள், ஸ்ட்ரெச் செய்யாதீர்கள், "ரெண்டு ரவுண்டு ஓடினா சரியாயிடும்" என்று ஓடவிடாதீர்கள். நடக்கவே விடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய், இரண்டு இடுப்பையும் நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.