சினர்ஜி: கூட்டியக்கமா, கூட்டுமிகையா?

சேர்ந்து இயங்கும்போது தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்சும் விளைவு கிடைப்பதை ஆங்கிலத்தில் சினர்ஜி (synergy) என்பார்கள். அதைத் தமிழில் 'கூட்டு முயற்சி' என்று எழுதுவது பரவலாகிவிட்டது. அது பொருந்தாது. நால்வர் சேர்ந்து நால்வர் வேலையை முடித்தாலும் கூட்டு முயற்சிதான். அங்கே மிகுதியாக எதுவும் விளையவில்லை.

கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன், 'எர்கோன்' என்றால் வேலை. 'சினெர்கோஸ்' உடனுழைப்பவர். தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்ச வேண்டும் என்ற பொருள் மூலத்தில் கிடையாது. அது பின்னால் ஏறியது. ஆகவே துறைக்குத் துறை பொருள் மாறுகிறது.

உடலியலில் பழைய பொருளே நிற்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்தே செல்வதால், அவை சுருங்கும்போது மணிக்கட்டும் மடங்கப் பார்க்கும். முன்கையின் பின்புறத் தசைகள் அதை நிமிர்த்திப் பிடிப்பதால்தான் பிடி இறுகுகிறது. மணிக்கட்டை முழுக்க உள்நோக்கி மடக்கிக்கொண்டு முட்டி பிடித்துப் பாருங்கள், வலு குறைவது உடனே தெரியும். இதற்குக் 'கூட்டியக்கம்' கச்சிதமான சொல்.

மருந்தியலில் மிகைதான் உயிர். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் இரண்டும், பாக்டீரியா தன் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினை ஆக்கும் பாதையை அடுத்தடுத்த இரு படிகளில் அடைக்கின்றன. இரண்டும் சேர்ந்த மாத்திரையில் முன்னது 400 மி.கி., பின்னது 80 மி.கி., அதாவது 5:1.

மிகையைக் கணக்கிட்டே உறுதிசெய்ய வேண்டும். கிருமி வளர்ச்சியைத் தடுக்க 'அ' மருந்து தனியே 8 அலகும் 'ஆ' தனியே 4 அலகும் தேவை. சேர்த்தால் முறையே 2, 1 போதும் என்று வையுங்கள். 2/8 + 1/4 = 0.5. இந்த எண் 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் சினர்ஜி. 4-ஐத் தாண்டினால் முரண்விளைவு, அதாவது ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கிறது. பலரும் சறுக்கும் இடம், விளைவுகளைக் கூட்டிப் பார்ப்பது. ஒரே மருந்தின் அளவை இரட்டித்தாலே சில வேளை விளைவு மும்மடங்காகும். அதைச் சினர்ஜி என்பதில்லை. அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

மிகை எப்போதும் நன்மையுமல்ல. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். 'கூட்டு நன்மை' என்ற பெயர்ப்பு இங்கே ஆபத்தாகவே முடியும்.

மேலாண்மையில் இச்சொல்லை 1965-இல் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் '2 + 2 = 5' என்று விளக்கினார்.

தமிழில் 'கூடு' என்ற வினைக்கே சேர்தல், மிகுதல் என்ற இரு பொருளும் உண்டு: கூட்டம் கூடியது, எடை கூடியது. ஆனால் 'கூட்டு' என்று பெயராகும்போது மிகுதி மறைந்து சேர்க்கை மட்டும் மிஞ்சுகிறது. அதனால் தசைக்குக் கூட்டியக்கம், மருந்துக்கும் வணிகத்துக்கும் 'கூட்டுமிகை' என்று பிரித்து எழுதுவதையே பரிந்துரைப்பேன்.