ஃப்ராக்டல் மென்பொருளில் மெட்டு எடுக்கப் போகிறீர்களா?

குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை போட்டுத் தருவது என் தொழில். கூடவே இசை மென்பொருள் வகுப்பும் எடுக்கிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சார், கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் தந்த மெட்டு. நான் ஒண்ணுமே பண்ணலை." பெருமையாகத்தான் சொல்கிறார்கள். போட்டுக் கேட்டால் முதல் அரை நிமிடம் புதுசாக இருக்கும். அப்புறம் மெட்டு போக்கிடம் தெரியாமல் அலையும். இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தருவது எண்களை மட்டும்தான். எந்த எண் எந்த ஸ்வரம், எத்தனை நேரம் நிற்பது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் வேலை. அதைத்தான் பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

கிட்டே போய்ப் பார்ப்போம். 0, 1, 2, 3 என்று 15 வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் கணினி பாணியில் இரும எண்ணாக (0, 1 என்ற இரண்டே இலக்கங்களால்) எழுதி, அதில் எத்தனை 1 வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0, 1, 1, 2, 1, 2, 2, 3, 1, 2, 2, 3, 2, 3, 3, 4 என்று வரும். இப்போது 0-வுக்கு ச, 1-க்கு ரி, 2-க்கு க, 3-க்கு ப, 4-க்கு த என்று வைத்தால்:

ச ரி ரி க ரி க க ப
ரி க க ப க ப ப த

இதில் ஒன்று விட்டு ஒன்றாக வாசித்துப் பாருங்கள். ச ரி ரி க ரி க க ப. முதல் வரியே திரும்ப வருகிறது! பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அதே உருவம் தெரிவதுதான் ஃப்ராக்டல். 1975-இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிரோ இந்தப் பெயரை வைத்தார். லார்ஸ் கிண்டர்மன் எழுதிய மியூசிநம் மென்பொருள் இப்படி இலக்கங்களைக் கூட்டித்தான் மெட்டு போடுகிறது. டென்மார்க் இசையமைப்பாளர் பெர் நோர்கோர் கணினியே இல்லாமல், 1959 வாக்கில், இதற்கு உறவான ஒரு முடிவிலி வரிசையைக் கண்டுபிடித்தார். அதில் நான்காவது நான்காவது ஸ்வரமாக எடுத்தால் மூல வரிசையே வரும். தன் இரண்டாம் சிம்பொனியை அவர் அதன்மேல்தான் கட்டினார்.

சரி, மேலே உள்ள எண்களைத் தொடாமல், எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்ற அட்டவணையை மட்டும் மாற்றுவோம். ச, க, ம, ப, நி என்று வைத்தால் ச க க ம க ம ம ப. கணக்கு அதேதான், காதில் விழுவது வேறு. முதல் அட்டவணையில் இருந்தவை மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். அதற்காக அதை மோகனம் என்று சொல்லிவிடாதீர்கள். எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதை அசைப்பது, எந்தப் பிடியில் ராகம் முகம் காட்டும் என்பது எதுவும் அந்த எண்களில் இல்லை. "மோகன ராகத்தில் ஃப்ராக்டல் இசை" என்று தலைப்பு வைத்து வரும் கோப்புகளைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

இன்னொரு வழி 1/f. அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் ரிச்சர்ட் வோஸ், ஜான் கிளார்க் இருவரும் வானொலி இசையின் ஏற்ற இறக்கங்களை அளந்து, பல மணி நேர நீளத்தில் அது 1/f (f என்றால் அதிர்வெண்; மெதுவான மாற்றங்கள் பெரிதாகவும் வேகமானவை சிறிதாகவும் இருக்கும்) என்ற புள்ளியியல் போக்கில் இருப்பதாக 1975-இல் எழுதினார்கள். கண்டபடி குதிக்கும் வரிசைக்கும், முந்தைய ஸ்வரத்தை விட்டு நகரவே தயங்கும் வரிசைக்கும் நடுவில் இருப்பது இது. வோஸ் சொன்ன செய்முறைக்குக் கணினிகூட வேண்டாம். மூன்று தாயக்கட்டைகள் போதும் (ஆறு முகமுள்ள சதுரக் கட்டை). முதலில் மூன்றையும் உருட்டிக் கூட்டுங்கள். 3 முதல் 18 வரை ஏதோ ஒன்று வரும், ஆக 16 ஸ்வரங்கள். அடுத்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முதல் கட்டையை உருட்டுங்கள். இரண்டாவதை இரண்டு ஸ்வரத்துக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்குக்கு ஒருமுறை. மெதுவாக மாறும் கட்டை மெட்டை ஓர் எல்லைக்குள் பிடித்து வைக்கும், வேகமாக மாறுவது அதற்குள் அசைவு தரும். வகுப்பில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கையால் உருட்டியவர் மென்பொருளின் பொத்தான்களைப் பார்த்து மிரள மாட்டார்.

இந்த ஆய்வைக் காட்டித்தான் "1/f இசை மூளைக்கு நல்லது, தூக்கம் வரும், மன அழுத்தம் போகும்" என்று விற்கிறார்கள். வோஸும் கிளார்க்கும் அளந்தது ஒலியின் ஏற்ற இறக்கத்தை, யாருடைய தூக்கத்தையும் அல்ல. வாடிக்கையாளர் அப்படி எழுதித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

மூன்றாவது, பல மென்பொருள்களில் இருக்கும் லாஜிஸ்டிக் சூத்திரம். ஸ்பெயின் பியானோ கலைஞர் குஸ்தாவோ தியாஸ் ஹெரெஸ் எழுதிய ஃபிராக்ட்மியூஸ் மென்பொருளிலும் இது உண்டு. 0-வுக்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுத்து, 1-லிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, r என்ற எண்ணாலும் பெருக்கினால் அடுத்த எண். r 3.2 என்றால் கொஞ்ச நேரத்தில் இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி ஒலிக்கும். 3.5-இல் நான்கு. 3.57-ஐத் தாண்டினால் ஒழுங்கு குலையும், ஆனால் 3.83-இல் திடீரென்று மூன்று ஸ்வரச் சுழற்சி எட்டிப் பார்க்கும். மாணவர்கள் நேராக 4-க்குத் தாவி, தொடக்க எண்ணாக 0.5 கொடுப்பார்கள். 0.5 அடுத்து 1 ஆகும், அதற்கடுத்து 0, அப்புறம் கடைசி வரை 0. "சார், சாஃப்ட்வேர் ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். 0.75 கொடுத்தாலும் அதே கதி, அது 0.75-லேயே உட்கார்ந்துவிடும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. r 4-ஆக இருக்கும்போது, சிறு பிழை சராசரியாக ஒவ்வொரு அடியிலும் இரட்டிப்பாகும். திரையில் 0.3127 என்று தெரியும், உள்ளே இன்னும் பல இலக்கங்கள் இருக்கும். திரையில் தெரிந்ததை நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே தட்டினால் சீக்கிரமே மெட்டு வேறு பாதையில் போய்விடும். 1961-இல் எட்வர்டு லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கில் 0.506127-க்குப் பதில் 0.506 என்று தட்டிக் கண்டதும் இதே விஷயம்தான். முழு இலக்கத்தையும் கொடுத்தால்கூட, மென்பொருளின் வேறு பதிப்பு கடைசி இலக்கங்களைச் சற்று வேறு விதமாகச் சுருக்கினால் ஐம்பது ஸ்வரத்துக்குள் இரண்டும் பிரிந்துவிடும். ஆகவே பிடித்த மெட்டு வந்த நொடியே மிடி ஃபைலாக (ஒலியை அல்ல, எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்புகளை வைக்கும் கோப்பு) சேமியுங்கள். தொடக்க எண்ணை நம்பி இருக்காதீர்கள்.

சேமித்த பிறகுதான் உண்மையான வேலை. நான் பெரும்பாலும் முக்கால்வாசியை வெட்டிவிடுவேன். மீதியில் நல்ல நான்கு தாளக் கட்டங்களைத் தேர்ந்து, மூச்சு விட இடைவெளி வைத்து, முடிவு ஸ்வரத்தைக் கையால் போடுவேன். தாளத்துக்குத் தனியாக வேறொரு சூத்திரத்தை ஓட்டுவதும் உண்டு. ஸ்வரத்தின் உயரத்துக்கும் அது நிற்கும் நேரத்துக்கும் ஒரே வரிசையைக் கொடுத்தால் மேலே போகும்போதெல்லாம் மெட்டு ஒரே மாதிரி இழுக்கும், சலித்துவிடும். 1986-இல் கணினி அறிவியலாளர் பிரஷெமிஸ்லாவ் புருசின்கியெவிச் ஹில்பர்ட் வளைகோட்டை (மடிந்து மடிந்து ஒரு சதுரத்தையே நிரப்பும் ஃப்ராக்டல் கோடு) இசையாக்கியபோது, கோட்டின் ஏற்ற இறக்கத்தை உயரமாகவும் கிடைப்பகுதியின் நீளத்தைக் கால அளவாகவும் படித்தார். அவர் கையாண்ட, ஓர் எழுத்துக்குப் பதில் பல எழுத்துகளை வைத்துக்கொண்டே போகும் விதிகளுக்கு நெருங்கிய உறவான இலக்கணங்களால் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் கூட்டாளிகளும் 1970-களிலேயே கோலங்களை விவரித்திருந்தார்கள். கோலத்தை மெட்டாக்கிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 2(டி)(vi) படி, கணினியால் உருவாகும் இசைப் படைப்புக்கு ஆசிரியர் அதை உருவாக்கச் செய்த நபர். சூத்திரம் யாருடைய சொத்தும் அல்ல. மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பை மாற்றாமல் எடுத்தால், அதே மெட்டை இன்னொருவரும் எடுத்து யூடியூபில் ஏற்றியிருக்கலாம், அப்புறம் புகார் வரும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. நான் ஒவ்வொரு வேலைக்கும் பயன்படுத்திய அட்டவணை, மூல மிடி, வெட்டித் திருத்திய மிடி மூன்றையும் தேதியோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன்.