மழை படாமலே துருப்பிடிக்கும் ஊர்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் கரண்டி ஒட்டிக்கொள்ளும். மேல் உப்பு நீர்த்துப்போய், விளிம்பில் ஈரம் கசிந்து நிற்கும். அம்மா ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு வைப்பார். திருவான்மியூரில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பக்கத்துக் காலிமனையில் கொட்டகைக்குள் நிற்கும் என் பழைய கேரவனுக்கு என்ன வியாதி என்பதை எனக்குப் புரியவைத்ததும் அந்த ஜாடிதான்.

கேரவன் என்றதும் சென்னையில் எல்லாருக்கும் ஷூட்டிங்கில் நிற்கும் ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். இது வேறு. இன்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற இரண்டு சக்கர வண்டி. அடியில் இரும்புச் சேஸிஸ், மேலே ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, உள்ளே இரண்டு படுக்கையும் ஒரு சின்ன அடுப்பு மேடையும். ஈசிஆர் பக்கம் ஒரு தோப்பில், தகரக் கூரைக்கு அடியில் பல வருடம் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இதில் கை வைக்கிறேன். பிரித்துப் பார்த்த முதல் நாள் எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான்: மேலே ஒரு சொட்டு மழை படவில்லை, அப்புறம் எப்படிச் சேஸிஸ் இப்படி அடுக்கடுக்காக உரிகிறது?

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்புத்தூள், இந்த ஊர் இரவுகளில் தானாகவே நனைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக இரும்பின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. மழை இருந்தால் உப்பையாவது கழுவிவிட்டுப் போயிருக்கும். கூரைக்கு அடியில் அதுவும் இல்லை.

இரும்பும் உப்புநீரும் காற்றும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே ஓடி, இன்னோர் இடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. மேலே உள்ள உப்புநீர் அயனிகளைக் கடத்திச் சுற்றை முழுமையாக்குகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேட்டரிகளையும் உலோக அரிமானத்தையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வதற்குக் காரணமும் இந்த உறவுதான்.

எந்த இடம் கரையும், எந்த இடம் தப்பிக்கும்? கேம்பிரிட்ஜில் உலோக அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவான்ஸ் 1920-களில் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்துக் காட்டினார். நானும் செய்து பார்த்தேன். ஒரு இரும்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, நடுவில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டேன். சில மணி நேரம் கழித்துத் துளியின் ஓரம் அப்படியே மின்னியது. நடு மங்கிப்போயிருந்தது. இரண்டுக்கும் இடையே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம். ஓரத்தில் நீர் மெல்லியதாக இருப்பதால் ஆக்சிஜன் சுலபமாக வந்து சேர்கிறது. அங்கே எலக்ட்ரான்கள் செலவாகின்றன. நடுவில் ஆக்சிஜன் குறைவு. அங்கேதான் இரும்பு கரைகிறது. துருவாகப் படிவது இரண்டுக்கும் நடுவே.

அதாவது காற்று குறைவாகப் போகும் இடம்தான் அரிக்கும். இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் மடிப்பு, போல்ட்டின் தலைக்கு அடி, பெயின்ட் உப்பிய இடத்தின் உள்புறம் எல்லாம் அந்த நடுத்துளி மாதிரிதான். எங்கள் தெரு முனையில் டிங்கரிங் வேலை செய்யும் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "துருமேல பட்டி பாக்காதீங்க தம்பி, அது உள்ள வேலை செஞ்சிட்டேதான் இருக்கும்" என்றார். எவான்ஸின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சொன்னது அதே பாடம்.

சரி, சுற்று என்றால் அதைத் திருப்பியும் ஓட்டலாம். காரில் மாட்டும் கொக்கியைக் கழற்றி, ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் கொக்கியில், பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டில். சுவிட்ச் போட்டதும் கொக்கியைச் சுற்றி சோடா பாட்டில் மாதிரி நுண்ணிய குமிழிகள். இரும்பு இழந்த எலக்ட்ரான்களை இப்போது சார்ஜர் கொடுக்கிறது. செந்துருவில் ஒரு பங்கு கருப்பு ஆக்சைடாக மாற, குமிழிகள் அதை நெகிழ்த்திவிடுகின்றன. காலையில் எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் கருப்புச் சேறு வழிந்து போய், அதுவரை தெரியாத அச்செழுத்துகள் எழும்பின. கரைந்துபோன இரும்பு திரும்பி வராது, பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல இரும்பு ஒரு துளி போகாது; கிரைண்டர் போட்டால் அதுவும் சேர்ந்து போகும். குமிழியில் வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் நீரில் இறங்கும்.

சேஸிஸை டிரம்மில் போட முடியாதே. அதற்குக் கடுக்காய் உதவியது. கடுக்காயில் டானின் அதிகம். டானின் துருவோடு சேர்ந்தால் நீரில் கரையாத கருநீலப் பொருளாக மாறும். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான்: துணியில் கடுக்காய், சாயத்தில் இரும்பு. கடுக்காய்த் தோலை நசுக்கிக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகப் பூசினேன். பழுப்புத் துரு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையாகக் கறுத்தது. உதிரும் துருவைச் சுரண்டிய பிறகு ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும்தான் இது. உளுத்துப்போன சட்டத்தை வெட்டி எறிந்து வெல்டிங் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அலுமினியம் இரும்பைத் தொடும் இடம் இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர் என்றால் ஒன்று இன்னொன்றுக்காகக் கரையும். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் மாட்டிக்கொண்ட ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. வோல்டா பேட்டரி செய்து காட்டியது 1800-ல். அதற்கு முன்பே ஒரு காகிதத் துண்டு சுற்றைத் துண்டித்துக் காட்டிவிட்டது. செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு போகும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் போகும். என் வண்டியில் சேஸிஸைத் தொட்ட தகட்டின் கீழ் விளிம்பு முழுக்க வெள்ளைப் பொடி. இப்போது இடையில் ரப்பர் பட்டை வைத்து, போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட்டிருக்கிறேன்.

இரும்பின் மேல் முதலில் சிங்க், அதாவது துத்தநாக பிரைமர். வழக்கமாக அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு போர்வை மட்டும்தான். கீறல் விழுந்தால் அங்கே அரிப்பு தொடங்கிவிடும். துத்தநாகம் நிறைந்த பிரைமர், கீறல் விழுந்தாலும் இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும். ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் இந்தச் சுற்று ஓடும். அதனால் கடுக்காய் பூசிய மூலைகளுக்கு எப்பாக்ஸி பிரைமர், தேய்த்து வெளுத்த இடங்களுக்கு சிங்க்.

அடிக்கும் நேரமும் முக்கியம். இரும்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட்டுக்கு அடியிலேயே ஈரம் மாட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு வழியே இல்லை. மாசி மாதம் ஒரு ஞாயிறு வரை காத்திருந்து, சேஸிஸை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, காலை 11 மணிக்குப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.