விலங்குவழித் தொற்று: ‘ஜூனோசிஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செய்திகளில் ‘ஜூனோட்டிக் நோய்’ என்று எழுதுகிறார்களே, அதன் வேர்ச்சொல் ‘ஜூனோசிஸ்’. கிரேக்கத்தில் ‘ஸோவோன்’ என்றால் விலங்கு, ‘நோசோஸ்’ என்றால் நோய். 19ஆம் நூற்றாண்டில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர். மனித மருத்துவத்துக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் நடுவே கோடு கிடையாது என்று வாதாடியவர் அவர்.

நேர்ப்பொருள் ‘விலங்கு நோய்’ என்றாலும் அப்படியே மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். கோமாரி மாட்டுக்கு வரும் நோய்தான், ஆனால் பொதுவாக அது நம்மைத் தொற்றுவதில்லை. விலங்கிடமிருந்து மனிதருக்கு வந்தால்தான் ஜூனோசிஸ்.

மக்கள் வழக்கில் எலிக்காய்ச்சல், பறவைக்காய்ச்சல், குரங்குக்காய்ச்சல் என்று பெயரிலேயே விலங்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. புரிந்துகொள்ள எளிது, சரி. ஆனால் பழியும் அதன் தலையில் விழுந்துவிடுகிறது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில், கியாசனூர் காட்டில் குரங்குக்காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, குரங்குகளே கூட்டமாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன. நோயைக் கடத்தியது உண்ணி.

அதனால்தான் ‘விலங்குவழித் தொற்று’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் உயிருள்ள பகுதி ‘வழி’. பாதை என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். பால் பொங்கி வழிகிறது என்கிறோமே, அந்த வழிதலும் இதே ஒலியில் இருக்கிறது. கிருமி ஓர் உயிரினத்தின் எல்லை தாண்டி இன்னொன்றுக்குள் வருவதை ஆங்கிலத்தில் ‘ஸ்பில்ஓவர்’ என்கிறார்கள். அதற்கு ‘வழிதல்’ என்றே எழுதலாம், புதுச் சொல் தேவையில்லை.

வழி எப்படித் திறக்கிறது என்பதற்கு 1998-99இல் மலேசியாவில் பரவிய நிபா என்ற வைரஸ் நோயைப் பார்க்கலாம். பன்றிக் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நட்டிருந்தார்கள். பழந்தின்னி வௌவால்கள் இரவில் வந்து கடித்துப் போட்ட பழம், எச்சிலோடு கொட்டிலுக்குள் விழுந்தது. பன்றி தின்றது. பன்றியிடமிருந்து அதை வளர்த்தவர்களுக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். வௌவால் அதன் வழக்கப்படி பழம் தின்றது, அவ்வளவுதான். மரத்தடியில் பன்றிகளை அடைத்தது நாம்.

காட்டுயிர் வணிகமும் இதே கதைதான். 2002-03இல் பரவிய சார்ஸ் என்ற நுரையீரல் நோயின் கிருமிக்குப் பிறப்பிடம் லாட வௌவால்கள். சீனாவின் குவாங்டோங் சந்தைகளில் உயிரோடு விற்கப்பட்ட மரநாய்களிடமும் அந்தக் கிருமி இருந்தது. காட்டில் ஒன்றையொன்று நெருங்காத விலங்குகளைக் கூண்டின்மேல் கூண்டாக அடுக்கினால், மேல்கூண்டின் எச்சம் கீழ்கூண்டில்தானே விழும்? காட்டிறைச்சிக்காக நடக்கும் வணிகத்துக்கும், அதை உண்பதற்கும் 2020 பிப்ரவரியில்தான் சீனா தடை போட்டது.

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை நெடுங்காலம் எலியோடும் காகத்தோடும் சேர்த்து, தடையின்றிக் கொல்லக்கூடிய தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. நல்ல வேலை.

வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்சமரம் சீவிப் பானை கட்டுவார்கள். வௌவால் அந்தச் சாற்றை நக்கும். காய்ச்சாமல் குடிப்பவருக்கு நிபா வரலாம். இதற்கு அங்கே கண்ட தீர்வு, சீவிய இடத்தையும் பானை வாயையும் மூடும் மூங்கில் தட்டி. வௌவாலை விரட்டவில்லை, மரத்தை வெட்டவில்லை. வழி மட்டும் அடைபட்டது.