காலைக் குளிரில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மார்கழி, தை மாதங்களில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நாலைந்து தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகிறதாம், வெயில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லையாம். எலுமிச்சம்பழம்கூடக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். பழத்தை ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, ஃபேன் தூசியைத் தட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், செய்துவிடுங்கள். ஆனால் குளிரில் படுத்திவிட்டு வெயிலில் தெளிகிறது என்றால் என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் டப்பா மேல்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர்க் கத்தையில் வழக்கமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வயர் இருக்கும். அதற்கு வேலை கரண்ட் கொடுப்பது இல்லை, சேதி சொல்வது. வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்து 100 முதல் 500 மில்லிசெகண்ட் கழித்துத்தான் அதில் 5 வோல்ட் வரும். 'பவர் குட்' என்பார்கள். அதுவரை பிராசஸர் கைகட்டி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் தடுமாறினால் இந்த 5 வோல்ட் விழுந்துவிடும், மதர்போர்டு உடனே ரீசெட் அடிக்கும், நிலைமை சரியானதும் முதலிலிருந்து தொடங்கும். அரைகுறை கரண்டில் தப்புக் கணக்குப் போட்டு ஃபைலைக் கெடுப்பதைவிட இது மேல் இல்லையா? அதனால்தான் விண்டோஸ் தகராறு என்றால் காட்டும் நீலத்திரைகூட வருவதில்லை. விண்டோஸில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும், ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

சரி, குளிர் எங்கே வந்தது? எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜைச் சமன்படுத்தும் கெப்பாசிட்டருக்குள் சுருட்டிய அலுமினியத் தாளும், திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. குளிரில் அந்தத் திரவம் கெட்டியாகும், அயனிகள் நகரத் திணறும், உள்தடை ஏறும், வோல்டேஜ் தடுமாறும். புது கெப்பாசிட்டர் சமாளித்துவிடும், வருஷக்கணக்கில் உழைத்துப் பாதி உலர்ந்துபோன பழசால் முடியாது. நாலு தடவை விழுந்து எழுந்ததில் அதுவே கொஞ்சம் சூடாகி, திரவம் இளகி, அப்புறம் ஒழுங்காக ஓடும். ஊட்டியில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளியில் கெப்பாசிட்டர் என்றால் இரண்டு கோடு போட்டுக் கணக்குத்தான், பழையது ஒன்றை அறுத்து அந்தக் காகிதத்தைக் காட்டினால் என்ன செலவாகிவிடும்?

என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். மதர்போர்டு போய்விட்டது என்றார் கடைக்காரர். நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு வாரம் இரவல் வாங்கி மாட்டினேன், ஒரு காலையில்கூட விழவில்லை. நீங்களும் அப்படி மாற்றிப் பாருங்கள், டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.